ரத்தினம்மாள் இருந்த நாடு

பர்மாவின் யாங்கோன் விமான நிலையத்தை ஒட்டிய மிங்கலாடோனில் விமானங்கள் கூரையை உரசுவதுபோலத் தாழ்ந்து பறக்கும். அங்கே குடியிருப்பவர்கள் அதற்காகப் பேச்சை நிறுத்துவதில்லை. குரலைச் சற்று உயர்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். ரத்தினம்மாள் மட்டும் நிறுத்திவிடுவாள். சத்தம் தேய்ந்து மறையும்வரை, கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடும் துணி இருந்தால் துணியோடும் அப்படியே நிற்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். மகள் ரேவதி பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ரத்தினம்மாளின் அப்பா யாங்கோன் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவள் பள்ளி முடித்ததும் அரசு நெசவாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஆலை மூடிய பிறகு ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் கம்பெனி. அறுபது வயதாகும்வரை அங்கே சூப்பர்வைசராக இருந்தாள். கணவர் வடிவேல் துறைமுகத்தில் கிளார்க். கோவிட் சமயத்தில், ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மழைக்காலத்தில், அவர் போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் தாயும் மகளும்தான்.

கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தபோது ரேவதிக்கு இருபத்து நான்கு வயது. பெண்களை இப்போதைக்கு எடுக்கமாட்டோம் என்றார்கள். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை யாரும் நம்பவில்லை. கூடப் படித்தவர்கள் தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரேவதி ஜெர்மனிக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போவதென்று முடிவு செய்து, ஊருக்குள் ஒரு மாடியில் நடந்த ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். அம்மாவிடம் சேர்ந்த பிறகுதான் சொன்னாள். ரத்தினம்மாள் “சரி” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

முதல் வாரத்தில் ஒரு மாலை. மின்சாரம் போயிருந்தது. ஜன்னலோரம் மிச்சமிருந்த வெளிச்சத்தில் ரேவதி, பெயரும் ஊரும் சொல்லும் முதல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இக் ஹைசெ ரேவதி. இக் கொம்மெ…”

“அப்பிடி இல்ல,” என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. “இஷ். இஷ் ஹைசெ. பல்லுக்குள்ளேர்ந்து காத்து வரணும்.”

ரேவதி எழுந்து வந்து கதவருகில் நின்றாள். “உனக்கு ஜெர்மன் தெரியுமா?”

“ட்ரெய்னிங் போனேன்னு சொல்லியிருக்கேனே.”

“வெளிநாட்டுக்குப் போனேன்னுதான் சொன்ன. பாஷை தெரியும்னு எப்பம்மா சொன்ன?”

“நீ கேக்கல,” என்றாள் ரத்தினம்மாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் வகுப்பில் ரேவதி அம்மா சொன்னபடியே 'இஷ்' என்றாள். ஸயாமா சிரித்துவிட்டார். பர்மிய ஆசிரியைதான், ஆனால் அங்கே சில வருடங்கள் இருந்து வந்தவர். அது ஜெர்மனியின் கிழக்கே சாக்ஸனிப் பக்கத்துப் பேச்சு, பரீட்சையில் அப்படிப் பேசாதே என்றார். ரேவதி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, ரத்தினம்மாளின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. மகள் திட்டு வாங்கியதற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்பட்டு ரேவதி பார்த்ததில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்துப் பேசச் சொன்னார்கள். ஒருத்திக்கு ஜெர்மன் ரொட்டி வகைகள், ஒருவனுக்குக் கால்பந்து. ரேவதிக்கு வந்தது, ஜெர்மனியின் அரசுத் தலைவர்கள். அவள் குளிர்பெட்டியின் முன்னால் நின்று, அதுதான் சபை என்று வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்தாள். முதலில் பேரரசர்கள். கடைசிப் பேரரசர் யுத்தத்தில் தோற்று ஹாலந்துக்கு ஓடியது. பிறகு குடியரசு வந்தது, ஏபெர்ட், ஹிண்டன்பர்க். பிறகு ஹிட்லர். அந்த யுத்தமும் முடிந்து நாடு எழுந்தபின் ஹாய்ஸ், லூப்கெ, ஹைனெமன் என்று இன்றுவரைக்கும்.

ரத்தினம்மாள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் கேட்டாள்: “என் ஆளுங்க எங்கடி?”

“உன் ஆளுங்களா?”

“ஹோனெக்கர். க்ரென்ஸ். கெர்லாக். ஒரு டாக்டரம்மா. நான் போன நாட்டுக்குத் தலைவருங்க. ஒருத்தர் பேரும் வரலையே.”

புத்தகத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு வரி, கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு நாற்பது வருடம் இருந்தது என்று. ரேவதி அம்மாவின் எதிரில் உட்கார்ந்து கீரைக்கட்டில் பாதியை எடுத்துக்கொண்டாள். “சொல்லு,” என்றாள்.

ரத்தினம்மாள் சொன்னாள். ஒரே மூச்சில் அல்ல. அன்று கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று வந்த கதை அது.

எண்பத்தெட்டாம் ஆண்டு மார்ச்சில் நெசவாலையிலிருந்து ஏழு பேரைத் தறி இயந்திரப் பயிற்சிக்குக் கிழக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ரத்தினம்மாளுக்கு இருபத்து மூன்று வயது. கிளம்பிய ஊரின் பெயர் ரங்கூன். போய் இறங்கிய ஊரின் பெயர் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். பயிற்சிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் ஹோனெக்கரின் படம் மாட்டியிருந்தது. கண்ணாடி போட்ட, சலிப்பான முகம். அவர்தான் அரசு மன்றத் தலைவர்.

அந்தக் கோடையில் ரங்கூன் தெருக்களில் ஜனங்கள் இறங்கினார்கள். ஜூலையில் புதிய தலைவர் வந்தார், ஆகஸ்டில் அவர் போய் இன்னொருவர். செப்டம்பரில் ராணுவம் எடுத்துக்கொண்டது. விடுதி டிவியில் சில நொடிகள்தான் காட்டினார்கள். பழக்கமான தெரு, ஓடும் ஜனங்கள், தெருவில் கிடந்த செருப்புகள். வீட்டிலிருந்து மாதக்கணக்கில் தகவலே இல்லை. மேற்பார்வைக்காரி ஃப்ராவ் க்ரூனெர்ட், நல்ல மனசுள்ளவள், சூப் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னாள்: “பாவம் உங்க நாடு. ஒரு கோடையில மூணு தலைவரா? இங்க பாரு, எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலேர்ந்து இவரேதான்.” சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். அதில் பெருமை இருந்ததா அலுப்பு இருந்ததா என்று ரத்தினம்மாளுக்குப் புரியவில்லை.

பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தான். ஹோல்கர் என்ற இயந்திர ஃபிட்டர். அவன் சிரித்ததற்கு க்ரூனெர்ட் அவனை முறைத்தாள். அன்று மாலை அவன் விடுதி வாசலில் நின்று, வீட்டிலிருந்து செய்தி வந்ததா என்று கேட்டான். மறுநாளும் நின்றான்.

“அவரை உனக்குப் பிடிச்சுதாம்மா?” என்று ரேவதி கேட்டாள்.

“கையில எப்பவும் கிரீஸ் வாடை,” என்றாள் ரத்தினம்மாள். பிறகு, “பிடிச்சுது,” என்றாள்.

அடுத்த வருடம் அந்த நாட்டின் முறை. வெயில் காலம் முழுவதும் ஜனங்கள் ஹங்கேரி வழியாகவும் ப்ராக் வழியாகவும் மேற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்கூடத்தில் வாரத்துக்கு ஓர் இருக்கை காலியானது. அக்டோபர் ஏழாம் தேதி அந்த நாட்டின் பிறந்தநாள். அன்று மதியம் ஊருக்குள் ஜனங்கள் கொடியில்லாமல், பாட்டில்லாமல் கூடி நடந்தார்கள். ஹோல்கரும் கிளம்பினான். ரத்தினம்மாள் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். தன் ஊரிலிருந்து கடைசியில் வந்து சேர்ந்த கடிதங்களில், தெருவில் விழுந்தவர்களைப் பற்றி, அதில் அவளோடு பள்ளியில் படித்த ஒருவனைப் பற்றி எழுதியிருந்தது.

“போகாத. சுடுவாங்க.”

“இங்க சுடமாட்டாங்க.”

“நாங்களும் அப்பிடித்தான் நெனச்சோம்.”

அவன் போனான். அவள் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டாள், முருகனிலிருந்து ஷ்வேடகோன் பகோடாவின் புத்தர் வரைக்கும். இருட்டும் நேரத்தில் அவன் திரும்பி வந்தான். தலையிலிருந்து பாதம் வரை நனைந்திருந்தான். போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருக்கிறது. “தண்ணிதான்,” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ரத்தினம்மாள் அழுதாள். அவன் உயிரோடு வந்த சந்தோஷம் பாதிதான். ஓர் அரசாங்கம் தன் ஜனங்கள்மேல் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள முடியும் என்பதை அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். தன் ஊருக்கு அது கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் மீதிப் பாதி.

அந்த மாதமே ஹோனெக்கரை அவருடைய ஆட்களே இறக்கினார்கள். க்ரென்ஸ் வந்தார். அவர் படத்தை மாட்டலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பெர்லின் சுவர் திறந்தது, டிசம்பரில் அவரும் போனார். பிறகு கெர்லாக். அவர் முகம் எப்படியிருக்கும் என்று பயிற்சிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. வசந்தத்தில் தேர்தல் நடந்து, பெர்க்மன் போல் என்ற நுரையீரல் டாக்டரம்மா தலைவரானார். அரசுத் தலைவராக ஒரு பெண்ணை ரத்தினம்மாள் கண்டதில்லை. டிவியில் அவர் வந்தால் கைவேலையை விட்டுவிட்டுப் பார்ப்பாள். அதே வசந்தத்தில் பர்மாவிலும் தேர்தல் நடந்தது. வென்றவர்களிடம் நாட்டைக் கொடுக்கவில்லை.

ஊர்ப்பெயர்களும் நிற்கவில்லை. ரங்கூன் யாங்கோன் ஆனது. கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் மறுபடியும் தன் பழைய பெயரான கெம்னிட்ஸ் ஆனது. நெசவாலைகளுக்கு வேலை இல்லை, பயிற்சியும் நின்றது. வந்த ஏழு பேரில் நான்கு பேர் மேற்கே போய்த் தங்கிவிட்டார்கள்.

அக்டோபர் மூன்றாம் தேதி இரண்டு ஜெர்மனியும் ஒன்றானது. டாக்டரம்மாவின் நாடும் பதவியும் சேர்ந்தே முடிந்தன. மேற்கில் ஏற்கெனவே ஜனாதிபதியாக இருந்த வைட்ஸேக்கர் அன்றிலிருந்து எல்லோருக்கும் ஜனாதிபதி. ஊர்ச் சதுக்கத்தில் பாட்டும் பீரும். ஹோல்கர் அவள் காதருகே வந்து கத்தித்தான் சொல்ல முடிந்தது: “நீ இங்கயே இருந்துடு.”

அவள் பையில் வீட்டுத் தந்தி இருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். “அப்பாவைப் பார்த்துட்டு வந்துடறேன்,” என்று அவளும் கத்தினாள்.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் அதிகாரி அவள் கடவுச்சீட்டைப் புரட்டினார்.

“எந்த நாட்டிலேர்ந்து வர்றீங்க?”

“ஜெர்மனி.”

“எந்த ஜெர்மனி?”

“இப்ப ஒண்ணுதான் சார் இருக்கு.”

அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. கடவுச்சீட்டை இழுப்பறையில் போட்டார். அரசு வேலையாள், பயிற்சிக்காக எழுதிக்கொடுத்த ஒப்பந்த வருடங்கள் முடியும்வரை திரும்பக் கிடைக்காது என்றார்கள். பிறகு ஒருவர், டிசம்பருக்குள் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதை நம்பி, ஜனவரியில் வந்துவிடுவேன் என்று அவள் ஹோல்கருக்கு எழுதினாள். டிசம்பரில் அந்த அதிகாரியையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நடந்ததை விளக்கி மறுபடியும் எழுதினாள். பதில் வரவில்லை. அப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் வடிவேல்.

“அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று ரேவதி கேட்டாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். ‘பனி எப்படி இருக்கும்?’னு கேட்டார். சொன்னேன். அதோட சரி, நல்ல மனுஷன்.”

ரேவதி தன் உரையை மாற்றி எழுதினாள். தலைவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைவிட எப்படிப் போனார்கள் என்று சொல்வதாக. ஒருவர் ஹாலந்துக்கு ஓடினார். இருவர் பதவியிலேயே இறந்தார்கள். ஒருவர் தன்னையே சுட்டுக்கொண்டார், அவருக்குப் பின்னால் வந்தவர் சிறைக்குப் போனார். கிழக்கில் ஒருவரைத் தோழர்களே இறக்கினார்கள், ஓர் அம்மாவுக்கு நாடே முடிந்துபோனது. என் அம்மா அந்த நாட்டில் இருந்தார், இரண்டரை வருடத்தில் ஐந்து பேரைப் பார்த்தார் என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு மேற்கில். ஹாய்ஸ், பதவிக்காலம் முடிந்தது, வீட்டுக்குப் போனார். ஹைனெமன், பதவிக்காலம் முடிந்தது, வீட்டுக்குப் போனார். ஷேல், கார்ஸ்டென்ஸ், அவர்களும் அப்படியே. பின்னால் ஒருவர், பேட்டியில் சொன்ன வார்த்தை பிரச்சினையாகிவிட்டதென்று தானே விலகினார்.

அந்த இடத்தில் வகுப்பு சிரித்தது. பிறகு பின்வரிசையில் ஓர் இளைஞன் பர்மிய மொழியில் கேட்டான்: “அவ்வளவுதானா? வீட்டுக்குப் போயிட்டாங்களா?”

“வீட்டுக்குப் போயிட்டாங்க,” என்றாள் ரேவதி.

கீழே தெருவில் ஒரு ராணுவ லாரி போகும் சத்தம். ஸயாமா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, இலக்கணப் பிழை இரண்டைத் திருத்திவிட்டு, அடுத்த மாணவியைக் கூப்பிட்டார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அந்த இளைஞன் ரேவதியின் பின்னாலேயே வந்து, “உங்க அம்மா ஏன் திரும்பி வந்தாங்க?” என்றான். அவனுக்கு, ராணுவச் சேவைச் சட்டப்படி, நாட்டை விட்டு வெளியே போக அனுமதி கிடைக்காத வயது.

அடுத்த வருடம் பிப்ரவரியில் ரேவதி கிளம்பினாள். ஜெர்மனியின் நடுவில் காஸெல் என்ற ஊரில் ஒரு மருத்துவமனை. விமான நிலையத்துக்கு ரத்தினம்மாள் நடந்தே வந்தாள், அவ்வளவு பக்கம். அதிகாரி ரேவதியின் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் கண்ணாடிக்கு வெளியே கையைக் கோத்தபடி நின்றாள். முத்திரை விழுந்தது. ரேவதி திரும்பிப் பார்த்துக் கை அசைத்தாள். ரத்தினம்மாள் போ போ என்று கையால் தள்ளுவதுபோலக் காட்டினாள்.

தனியாக இருந்த அந்த வருடம் அவளுக்கு நீளமாகத்தான் இருந்தது. மின்சாரம் எப்போது வரும் என்பதை வைத்துத்தான் மகளோடு பேச்சு. ரேவதி வார்டைப் பற்றிச் சொல்வாள். கிழவர்கள் அவள் பேச்சைக் கேட்டு, “நீ கிழக்குப் பக்கமா?” என்று கேட்கிறார்களாம். ரத்தினம்மாள் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

டிசம்பரில் ஒரு விடுமுறைநாளில் ரேவதி கெம்னிட்ஸிலிருந்து கூப்பிட்டாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. வீடியோவில் பனி பெய்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வீட்டளவு உயரத்தில் கறுத்த ஒரு மனிதத் தலை, தாடியோடு.

“மார்க்ஸா அது? இன்னும் வெச்சிருக்காங்களா?”

“இருக்காரும்மா. பக்கத்துல ஜனங்க போட்டோ எடுக்கறாங்க. இந்த வருஷம் ஊரே விழாவா இருந்துச்சாம்.” ரேவதி கேமராவைச் சுற்றிக் காட்டினாள். “அம்மா, நீ லெட்டர் போட்டியே, அந்த வீட்டு விலாசம் ஞாபகம் இருக்கா?”

ரத்தினம்மாள் தெருப்பெயரையும் கதவெண்ணையும் யோசிக்காமல் சொன்னாள். சொன்ன பிறகுதான், எதற்கு என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் இங்கே மின்சாரம் போனது.

தெருவின் பெயரும் மாறியிருந்தது. ரொட்டிக்கடையில் விசாரித்துத்தான் ரேவதி கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தவள் ஹோல்கரின் அக்கா. எண்பதைத் தொடும் வயது. விஷயத்தைக் கேட்டதும் கதவை அகலத் திறந்து, “பர்மாப் பொண்ணோட மகளா?” என்றாள். வேலையில்லாமல் ஹோல்கர் தொண்ணூற்றிரண்டில் மேற்கே போனது, அங்கே கல்யாணம் செய்தது, மனைவி இறந்து சில வருடமானது எல்லாம் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். அவனுடைய போன் நம்பரையும் கொடுத்தாள்.

“அவர் நம்பர் கெடச்சிருக்கு. அனுப்பவா அம்மா?” என்று ரேவதி கேட்டிருந்தாள். மின்சாரம் வந்ததும் ரத்தினம்மாள் அதைப் படித்தாள். குளித்தாள், தலை வாரினாள், விளக்கேற்றினாள். பிறகு “அனுப்பு” என்று பதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள். படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று தீர்மானித்திருந்தாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல் கரகரவென்று பெயர் சொன்னது. அவளும் ஜெர்மனில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு எல்லாம் வந்தது, முன்னும் பின்னுமாக. முதலில் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். அவனுக்கு இடுப்பெலும்பில் அறுவை, அவளுக்குச் சர்க்கரை. அவன் கடைசியில் பள்ளிப் பேருந்து ஓட்டினான், இவள் தையல் கம்பெனியில் இருந்தாள். அவன் தயங்கிக் கேட்டான்.

“நீ ஏன் வரல?”

“பாஸ்போர்ட்டை வாங்கிட்டாங்க. எழுதினேனே.”

“ஜனவரியில வரேன்னு எழுதினதுதான் கடைசி. அப்புறம் ஒண்ணும் வரல. நான் எழுதினதுக்கும் பதில் இல்ல. நீ அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு நெனச்சேன்.”

“அது ரொம்ப நாள் கழிச்சு.”



“ஜனவரியில நான் பெர்லின் ஏர்போர்ட்டுக்குப் போனேன்,” என்றான் ஹோல்கர். “எந்த விமானம்னு நீ எழுதல. ஆசியாப் பக்கத்துலேர்ந்து வர்றதுக்கெல்லாம் போய் நின்னேன். அந்த வாரம் முழுக்க.”

ரத்தினம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முப்பத்தைந்து வருடமாக அவள் அவனை நினைத்தபோதெல்லாம் அந்தச் சதுக்கத்தில், பாட்டுக்கும் பீருக்கும் நடுவில்தான் நினைத்திருந்தாள். கதவு கதவாக ஆட்கள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனை அவளுக்குத் தெரியாது.

“குளிரா இருந்துச்சா?” என்றாள் கடைசியில்.

“ரொம்ப,” என்றான் அவன். “உங்க ஊர்ல சண்டை அடங்கினா நான் வந்து பார்க்கிறேன் ரத்தினா. விசா தருவாங்களா?”

“இங்க எப்ப அடங்கறது,” என்றாள் அவள். ஆனால் அடுத்த ஞாயிறும் கூப்பிடச் சொன்னாள். அவனும் கூப்பிட்டான்.

முதல்முறை பேசிய அன்று மாலையே ரேவதி ஆவலோடு அழைத்திருந்தாள். “பேசினியா? என்னம்மா பேசினீங்க அவ்வளவு நேரம்?”

“ஜனவரியைப் பத்தி,” என்றாள் ரத்தினம்மாள்.